பொருந்தாத எண்

ஜீவமணி: ...அதுக்கு நான் என்ன செய்ய முடியும், நேசண்ணே? பொருந்தலன்னா பொருந்தலதான்.

நேசக்குமார்: துறைமுகத்துல அரை நாள் லீவு சொல்லிட்டு சித்தி மகளப் பாக்க வந்திருக்கேன். முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடு.

ஜீவமணி: என்னப் பாக்க வந்தியா, அந்த ஷெர்லினுக்குப் பேச வந்தியா?

நேசக்குமார்: ரெண்டுக்கும்னு வச்சுக்கயேன். காலையில குரூப்புல அவ எழுதினத வாசிச்சியா?

ஜீவமணி: எந்த அவ?

நேசக்குமார்: ஏளா...

ஜீவமணி: வாசிச்சேன். 'பிழை எங்க இருக்குன்னு எனக்கே தெரியல. கீபோர்டு பேக்கேஜை வாபஸ் வாங்கிக்கிடுதேன், சிப்பியிலேருந்தும் விலகிக்கிடுதேன்.' அதுக்குக் கீழ பதினேழு அழுகை பொம்மை. நான் பன்னெண்டு வருஷமா சிப்பியில தமிழ் அடிக்கிற கீபோர்டு சாஃப்ட்வேரைப் பாத்துக்கிட்டேன். எனக்கு ஒரு பொம்மை வந்திருக்குமா?

நேசக்குமார்: அப்பல்லாம் பொம்மை ஏது? வெறும் ஈமெயில்தான்.

ஜீவமணி: நீ சிரி.

நேசக்குமார்: சிரிக்கல. அஞ்சு மணிக்கு இந்த வருஷ வெளியீட்டுக்கான பட்டியல மூடுதோம். அதுக்குள்ள அந்தக் கீபோர்டு உள்ள போகலன்னா அந்தப் பிள்ளை நெசமாவே போயிருவா.

ஜீவமணி: போகட்டும். பழைய கீபோர்டு இருக்குல்லா? அதுல என்ன குறை?

நேசக்குமார்: குறையே இல்ல. புதுசு கொஞ்சம்...

ஜீவமணி: கொஞ்சம்?

நேசக்குமார்: கொஞ்சம் சுளுவு.

ஜீவமணி: 'ஸ்ரீ' அடிக்க என்னோடதுல நாலு தட்டு, அவளோடதுல ரெண்டு. அதப் படம் பிடிச்சு குரூப்புல வேற போட்டா.

நேசக்குமார்: ஸ்ரீவைகுண்டத்துக்காரங்க பிழைச்சாங்கன்னு வச்சுக்க.

ஜீவமணி: அவ சாவி வாசிச்ச அன்னைக்கும் இப்படித்தான பல்லக் காட்டிட்டு இருந்த? நம்மள்ள ஒருத்தரா சேரணும்னா நேர்ல வந்து, ஆதாரைக் காட்டி, கம்ப்யூட்டர்ல தன் பேருல கையெழுத்துப் போடுத சாவியோட நாப்பது எழுத்தையும் வாய்விட்டு வாசிக்கணும். எல்லாரும் பேப்பரப் பாத்துத்தான் வாசிப்போம். இவ வேம்பார்லேருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, பாக்காம ஒப்பிச்சா. நம்ம கூட்டத்துச் சிவப்பிரகாஷ் ஓடிப் போயி மக்ரூன் வாங்கிட்டு வாரான். நான் வாசிச்ச அன்னைக்கு பேனா தீந்து போச்சுன்னு என்னையவே கடைக்கு அனுப்புனீங்க.

நேசக்குமார்: அதையெல்லாமா ஞாபகம் வச்சிருக்க?

ஜீவமணி: எல்லாம் இருக்கு.

நேசக்குமார்: அப்ப இதையும் சொல்லு. பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடணும், தமிழ்ல இருக்கணும், யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடணும்னு நம்ம ஆறு பேரும் சிப்பின்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஆரம்பிச்சப்ப, இதுக்கு கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, சட்டம் மட்டும்தான்னு சொன்னது யாரு?

ஜீவமணி: நான்தான்.

நேசக்குமார்: சட்டத்தை எழுதினது?

ஜீவமணி: அதுவும் நான்தான். ஒருத்தர் செஞ்ச பேக்கேஜை வேற ரெண்டு பேரு அதோட சோர்ஸ் கோடை எறக்கி, அவங்கவங்க மெஷின்ல முதல்லேருந்து பில்ட் பண்ணிப் பாக்கணும். முடிஞ்சதும் இலக்கமும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து ஒரு நீள எண் வரும்லா, அது மூணு பேருக்கும் ஒண்ணா இருந்தாத்தான் கையெழுத்து. ஒரு எழுத்து மாறினாலும் கிடையாது. யாரு உள்ள என்னத்தச் சொருகினாலும் அதுல காட்டிக் குடுத்துரும். எனக்கு எண் மாறிச்சு. மாறிச்சுன்னு எழுதினேன். தப்பா?

நேசக்குமார்: எத்தன தடவ பில்ட் பண்ணின?

ஜீவமணி: மூணு தடவ. எழுதியிருக்கேன்லா.

நேசக்குமார்: வாசிச்சேன். அவளும் மூணு தடவ பிழையத் தேடிப் பாத்துட்டு, ஒண்ணும் சிக்காம அதையே திரும்பக் குடுத்திருக்கா.

ஜீவமணி: தேடினது பத்தல.

நேசக்குமார்: ஜீவா... சோர்ஸ் என் சர்வர்லதான் இருக்கு. யாரு எறக்கினாலும் அங்கன பதிவாகும்.

ஜீவமணி: ஆகட்டும்.

நேசக்குமார்: உன் பேரு ஒரு தடவகூட இல்ல.

ஜீவமணி: பென்டிரைவ்ல வாங்கினேன்.

நேசக்குமார்: யாருட்டேருந்து? எறக்காதத எப்படிளா பில்ட் பண்ணின?

ஜீவமணி: தண்ணி கேட்டல்லா... எடுத்துட்டு வாரேன்.

நேசக்குமார்: இரு. நீ போட்ட எண் எங்கேருந்து வந்துச்சு?

ஜீவமணி: ...என் பழைய கீபோர்டோட எண். நடுவுல நாலு எழுத்தை மாத்தினேன்.

நேசக்குமார்: ஏன்ளா இப்படிச் செஞ்ச?

ஜீவமணி: பில்ட் பண்ணினா பொருந்திரும்னு தெரியும்ணே. பொருந்திருச்சுன்னா நான்தான கையெழுத்துப் போடணும். என் கீபோர்டை எடுத்து வெளிய வைக்கிறதுக்கு என் கையெழுத்து.

நேசக்குமார்: ம்.

ஜீவமணி: திட்டு.

நேசக்குமார்: திட்ட வரல. இப்பப் பண்ணு. நான் இங்கனயே இருக்கேன்.

ஜீவமணி: அரை மணி நேரம் ஆகும்.

நேசக்குமார்: ஆகட்டும். தண்ணியக் குடு.

ஜீவமணி: ...சரி, ஓட விட்டுட்டேன். பேசாம இருக்காத, எதையாவது சொல்லு.

நேசக்குமார்: என்னத்தச் சொல்ல?

ஜீவமணி: பெரியம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?

நேசக்குமார்: அப்படியேதான் இருக்கு. கோயிலுக்கு ஆட்டோவுல போயிட்டு வாராங்க.

ஜீவமணி: ...அரை மணி ஆச்சு. எண் வந்துட்டு.

நேசக்குமார்: முதல் நாலு வாசி.

ஜீவமணி: ஒம்பது, எஃப், ரெண்டு, ஏ.

நேசக்குமார்: கடைசி நாலு?

ஜீவமணி: ஏழு, ஏழு, சி, பூஜ்யம். உன் போன்ல அவளோடது என்ன போட்டிருக்கு? காட்டு... அதேதான். நடுவுலயும் அதேதான். ஒரு எழுத்து மாறல.

நேசக்குமார்: மாறல.

ஜீவமணி: நல்லாத்தான் செஞ்சிருக்கா, சண்டாளி.

நேசக்குமார்: கையெழுத்துப் போடு.

ஜீவமணி: போட்டுட்டேன். குரூப்புலயும் எழுதுதேன். 'நான் பில்ட் பண்ணவே இல்ல. போட்ட எண் பொய். ஷெர்லின் மேல ஒரு பிழையும் கிடையாது.'

நேசக்குமார்: அவ்வளவும் எழுதணுமா? மெஷின் கோளாறுன்னு போட்டா போதாதா?

ஜீவமணி: மூணு வாரம், அண்ணே. இல்லாத பிழைய மூணு வாரம் தேடியிருக்கு அந்தப் பிள்ளை. அவ சாவிய நேர்ல கேட்டுச் சேத்தது நானு. என் பேருலயே போகட்டும்... அனுப்பிட்டேன்.

நேசக்குமார்: அனுப்பிட்டியா...

ஜீவமணி: ஏன் மொகம் இப்படிப் போவுது? இனி உன் கையெழுத்துதான் பாக்கி. மணி நாலு இருபது. கிளம்பு, வீட்டுக்குப் போயி பில்ட் பண்ணணும்லா.

நேசக்குமார்: போக வேண்டாம். இங்கனயே போட்டுருதேன்.

ஜீவமணி: பில்ட் பண்ணாமலா? இப்பத்தான எனக்குச் சட்டம் பேசின?

நேசக்குமார்: பண்ணிட்டேன்.

ஜீவமணி: எப்ப?

நேசக்குமார்: அவ குடுத்த அன்னைக்கே.

ஜீவமணி: உனக்கு என்ன எண் வந்துச்சு?

நேசக்குமார்: இதே எண்தான்.

ஜீவமணி: அன்னைக்கே தெரியுமா? பின்ன ஏண்ணே மூணு வாரமா வாயத் திறக்கல?

நேசக்குமார்: மறுநாள் நீ 'பொருந்தல'ன்னு எழுதினல்லா... அத வாசிச்சேன், ஜீவா. அடுத்து என் சர்வரையும் இப்படித்தான் சுளுவாக்கிருவாளோன்னு எனக்கும் பயம். ஷெர்லின் வந்ததுலேருந்து எனக்கு நல்லாத் தூக்கம் வந்தது அன்னைக்கு ஒரு நாள்தான்.