மூடி போட்ட டிடெக்டர்

சாயங்காலம் ஆறு மணி. ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஏறும் ஒற்றைப் பாதை. மூடுபனி... முன்னால் போகிறவனின் முதுகு தெரியாது. அன்றைக்கு முன்னால் போக ஆளும் இல்லை. நிமலன் தனியாகத்தான் ஏறினான். தோளில் ஏணி, கையில் சாமான் பை.

இது நம் ரஜீவின் சித்தப்பா மகனுக்கு நடந்தது. ரஜீவ் இதோ உட்கார்ந்திருக்கிறான். நான் கூட்டிச் சொன்னால் அவனே திருத்தட்டும்.

"ஜௌபர், அந்தக் கதவ சாத்துப்பா. குளிருக்குத்தான் சொல்றேன், நீ பயந்துக்காத."

நிமலனுக்குத் தொழில், நெருப்பு அலாரம் மாட்டுவது. அன்றைக்குப் போனது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சர்ச்சுக்கு. கூரை முழுக்கப் பழைய மரம். இருந்த அலாரம் செத்துப் பல வருசம். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் புகை டிடெக்டர் போடவேண்டும். மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் முடித்துக் கொடுக்கவேண்டும்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவன் பெண்சாதி வதனி இறந்துபோனாள். பூனாகலையில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ராத்திரித் தீ. அப்போது இவன் கடலோரத்தில் ஒரு ஹோட்டலுக்கு அலாரம் மாட்டிக்கொண்டிருந்தான். உல்லாசப் பயணி தூங்குகிற கட்டிலுக்கு மேலே ஒன்று உண்டு. லயத்துக் கூரைக்கு எவன் மாட்டினான்? இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

அவன் அழவே இல்லை. சோறு போட்டால் தின்பான். பேசினால் தலையாட்டுவான். அவ்வளவுதான். வதனியைத் தீ தொடவில்லை, புகைதான். அவளுடைய அக்கா சிவசக்திதான் உடம்பைக் குளிப்பாட்டினாள். அவள் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவன் நடமாடினான்.

"தூக்கத்துலயே போயிட்டா தம்பி. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

சரி... சர்ச்சுக்கு வருவோம்.

டிடெக்டரை மாட்டியதும் தூசி போகாமல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மூடி போட்டு வைப்பார்கள். உள்ளங்கை அளவு. கடைசியில்தான் அதைக் கழற்றுவது. மூடி இருக்கும்வரை புகை உள்ளே போகாது... அலாரமும் அடிக்காது. அவன் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது கடைசி பஸ் போய்விட்டது. மூடிகளைக் காலையில் கழற்றலாம் என்று அங்கேயே ஒரு பெஞ்சில் படுத்தான்.

அலாரம் அடித்தது.

எழுந்து, எது அடிக்கிறது என்று காட்டும் பேனலைப் பார்த்தான். மேலே, பாட்டுப் பாடுகிறவர்கள் நிற்கும் மாடத்து டிடெக்டர். டார்ச்சோடு ஏறினான். மரப்படி கிறீச்... கிறீச்... புகை இல்லை. மூடி போட்டபடியே இருந்தது. இறங்கி வந்து நிறுத்தினான். படுத்தான்.

மறுபடியும்... அதே டிடெக்டர்.

நானாக இருந்தால் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அவனுக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. பழுதான சாமான் என்று நினைத்து, ஏணியைச் சாய்த்து ஏறி, மூடியைக் கழற்றினான்.

குப்பென்று வாசம். கருகின கம்பளி... தேங்காய் எண்ணெய்... டிடெக்டர் புத்தம் புதுசு, வெள்ளை வெளேரென்று இருந்தது. மூடியின் வெளிப்பக்கமும் பளபளப்பு. உள்பக்கம் மட்டும் கரி. அந்தக் கரியில் கீறல்கள்... பக்கத்தில் பக்கத்தில்... நகத்தால் பிறாண்டின மாதிரி. சின்ன விரல்கள்.

மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் மற்ற மூடிகளைக் கழற்றினான். பாதருக்கு எல்லாவற்றையும் அடிக்கவைத்துக் காட்டினான். அவர் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தான். பிறகு பண்டாரவளையில் பஸ் மாறிப் பூனாகலைக்குப் போனான்.

சிவசக்தி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் மூடியைக் காட்டவில்லை. சர்ச்சைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

"அக்கா... வதனி முழிச்சிருந்தாளா?"

சுளகு நின்றது. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னா உங்களுக்கு? நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டி... நல்லா கழுவித்தானே பொட்டியில வச்சோம்."