நானூற்றுப் பன்னிரண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு

நடீன்: ...இன்னும் எதுக்கு டெல்மர் அண்ணே இந்தப் பலகை உங்க வாசல்ல? ‘பள்ளிக்கூட வரி வேண்டாம்’னு. அதான் ஜெயிச்சாச்சே!

டெல்மர்: தரை உறைஞ்சு கெடக்கு, பிடுங்க வரல. வா, காப்பி குடி.

நடீன்: ஒண்ணும் வேண்டாம். வரி வேணுமா வேண்டாமான்னு ஊர் போட்ட ஓட்டை மறுபடி எண்ணியும் நானூத்திப் பன்னெண்டுக்கு நானூத்திப் பன்னெண்டாம்.

டெல்மர்: சரிசமம்னா வரி தோத்த மாதிரிதான். ஒஹாயோ சட்டம் அப்படி...

நடீன்: தெரியும், பாடம் எடுக்காதீங்க. ஒரே ஒரு ஓட்டு! ஜனவரியிலேருந்து பெரிய வகுப்புப் பிள்ளைங்களுக்கு பஸ் கிடையாது. பதினெட்டு வருஷமா நான் ஓட்டுற ரூட்டும் போச்சு.

டெல்மர்: ம்...

நடீன்: என்ன ‘ம்’? முந்நூறு ஏக்கர் வெச்சிருக்கீங்க. உங்களுக்கு வரி எவ்வளவு கூடியிருக்கும்?

டெல்மர்: வருஷத்துக்கு எண்ணூறு டாலர் சொச்சம். சோளம் போன விலைக்கு அது சின்னக் காசில்ல, நடீன்.

நடீன்: அந்த ஒரு ஓட்டு உங்களுதுதான். ஊர் பூரா சொல்லப்போறேன்.

டெல்மர்: சொல்லு. ஆனா தப்பாச் சொல்லாத. நான் வரி வேணும்னுதான் போட்டேன்.

நடீன்: ...பொய்.

டெல்மர்: பலகை, தானியக் கிடங்கு ஆளுங்க நட்டது. எடுத்துட்டா அங்க காலைக் காப்பிக்கு எனக்கு நாற்காலி இருக்காது. ஓட்டுச்சீட்டை எவன் எட்டிப் பாக்கறான்?

நடீன்: உங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளைகூட இல்லையே...

டெல்மர்: எதுத்த வீட்டுல பெரிய வகுப்புல மூணு இருக்கு. அவங்கம்மாவுக்கு ராத்திரி வேலை. யாரு கொண்டுபோய் விடுவா? பனியில அதுங்க நடக்கறதை ஜன்னல்ல நின்னு பாக்க எனக்குத் தெம்பில்ல... ஏய், என்ன, அழறியா?

நடீன்: உங்களைப் போய் ஒரு வாரமா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்.

டெல்மர்: திட்டினா திட்டிட்டுப் போ. வேற எவனோ ஒருத்தன் சோம்பேறி, வீட்டுலயே உக்காந்துட்டான். உன்னை யாரு குறை சொல்ல முடியும்? நடக்க முடியாத பதினாலு பேரை வண்டியில ஏத்திட்டுப் போய் ஓட்டுப் போட வெச்சியே!

நடீன்: பதினஞ்சு. கடைசியா எட்னா அம்மாவை வீட்டுல விட்டுட்டு ஓட்டுச்சாவடிக்கு ஓடி வந்தேன்... ஏழரையோட முடியுது, நாலு நிமிஷம் தாண்டிடுச்சு. கதவைச் சாத்திட்டாங்க, அண்ணே. நான் ஓட்டே போடல.