முடி ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு

அக்கா: …இல்லடி, மறுபடியும் கறுப்பு. முந்தாநாள் நீ அனுப்பின அனிமேஷன் ஷாட்ட இப்பத்தான் உத்துப் பாத்தேன். அந்தக் குட்டிப் பொண்ணு முடி ஓரம் பூரா கரி பூசின மாதிரி இருக்கு.

தங்கச்சி: எங்க? எனக்கு சுத்தமா இருக்கே.

அக்கா: உன் ஸ்கிரீன்ல அவளுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல, காலி. அதான் தெரியல. இங்க நான் எடுத்த நம்ம வீட்டு வீடியோ மேல அவள வச்சா தலைய சுத்தி கோடு. கத்தரிச்சு ஒட்டின மாதிரி நிக்கிறா.

தங்கச்சி: எடிட்டர் மேடத்துக்கு எப்பவும் என் ரெண்டர்லதான் குறை.

அக்கா: மேடமா? ஓ… பெரிய கம்பெனி அனிமேட்டர் பேசுறாங்க. தப்புதான் தாயே.

தங்கச்சி: போன வாட்டி சோப்புக் குமிழி சரியில்லன்னே…

அக்கா: குமிழியா அது? கூழாங்கல்லு. அவ ஊதுற குமிழி வழியா பின்னாடி இருக்குற சுவரு தெரியணுமா வேணாமா?

தங்கச்சி: அதான் மாத்திட்டேனே. இப்போ தெரியுதுல்ல?

அக்கா: தெரியுது. நல்லாத்தான் வந்திருக்கு.

தங்கச்சி: அடேங்கப்பா! உன் வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை. இன்னிக்கு மழைதான்.

அக்கா: ரொம்பக் குதிக்காத. அதுக்கு முந்தின வாட்டி, பின்னாடி காலியா விடுற அந்த ஆல்ஃபாவே இல்லாம சாதாரண வீடியோவா அனுப்பினே. காலியா இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே கறுப்பு. கரண்ட் போன வீட்டுல அந்தக் குட்டி தனியா நின்னு குமிழி ஊதுறா.

தங்கச்சி: அது… அவசரத்துல.

அக்கா: நீயா? கண்ண மூடிட்டு பண்ற வேலையில உனக்கு அவசரமா?

தங்கச்சி: சரி, திட்டாத. பொண்ணையும் வீட்டையும் சேத்து வச்சத அனுப்பு, பாக்குறேன்.

அக்கா: வந்திருக்கும் பாரு.

தங்கச்சி: இரு… திறக்குது… அக்கா! ஜன்னல்ல தொங்கின பச்சைத் திரை எங்க?

அக்கா: முடிய பாக்கச் சொன்னா திரையப் பாக்குறே.

தங்கச்சி: போன தடவ அனுப்பினதுல இருந்துச்சே. ஜன்னல் மொட்டையா நிக்குது.

அக்கா: துவைக்கப் போட்டேன். வெளிச்சம் பத்தலன்னு வீடியோ புதுசா எடுத்தேன், அதான்.

தங்கச்சி: கழட்டிட்டே, சரி. எப்படி மாட்டுவே? ஸ்டூல் மேல ஏறினாலும் உனக்கு எட்டாதே, குள்ளி.

அக்கா: அத நான் பாத்துக்கறேன், ஒட்டகம்.

தங்கச்சி: அது… என் நாற்காலிதானே? ஜன்னல் பக்கத்துல?

அக்கா: அந்த மூலை வெறிச்சுன்னு இருந்துச்சு. போட்டு வச்சேன்.

தங்கச்சி: குண்டன் ஏறி உக்காந்திருக்கான் பாரேன்! என் நாற்காலில!

அக்கா: துரத்தினாலும் இறங்க மாட்டேங்குது. நீ போனதுல இருந்து அந்தப் பூனைக்கு அதுதான் சிம்மாசனம்.

தங்கச்சி: இளைச்சிட்டான்.

அக்கா: எங்க இளைச்சான்? தின்னு தின்னு உருளுறான்.

தங்கச்சி: இல்லக்கா, மூஞ்சி வாடியிருக்கு.

அக்கா: …பூனை மூஞ்சி இருக்கட்டும். பொண்ணு தலையப் பாரு.

தங்கச்சி: பாத்துட்டேன், லேசா கோடு இருக்கு. ஆமா, இந்த வீடு இப்படியேவா படத்துல வரப்போகுது? நாற்காலி கை கிழிஞ்சு பஞ்சு தொங்குது. மானம் போகும்.

அக்கா: யாரும் பாக்க மாட்டாங்க.

தங்கச்சி: எப்படிப் பாக்க மாட்டாங்க? பின்னணியே நம்ம வீடுதானே?

அக்கா: உங்க டைரக்டர் பின்னணி பத்தி உன்கிட்ட என்ன சொன்னாரு?

தங்கச்சி: என்கிட்ட எதுக்குச் சொல்றாரு? பின்னாடி காலியா குடு, மிச்சத்த எடிட்டர் பாத்துக்குவாங்கன்னாரு.

அக்கா: ம்… பாத்துக்கறேன்.

தங்கச்சி: இதுதான் கடைசி ஷாட். தெரியும்ல?

அக்கா: தெரியும்.

தங்கச்சி: இது ஓகே ஆயிட்டா அப்புறம் எங்க கம்பெனிக்கும் உனக்கும் ஒரு பேச்சும் கிடையாது.

அக்கா: அதனால?

தங்கச்சி: அதனால ஒண்ணுமில்ல… சும்மா சொன்னேன். அக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கறுப்புக் கோடு… நீ ஃபைல உள்ள எடுக்கும்போது ஒரு டிக் போட்டா போயிடும்ல?

அக்கா: அப்படியா?

தங்கச்சி: நடிக்காத. பின்ரூம்ல ரெண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு கடை விரிச்சோமே, அப்போ எனக்கு அதச் சொல்லிக் குடுத்ததே நீதான். அதுவும் தலையில குட்டி.

அக்கா: மறந்து போச்சுடி. வயசாகுதுல்ல.

தங்கச்சி: நான் மறக்கல. நான் கிளம்பினன்னிக்கு நீ சொன்னதையும் மறக்கல.

அக்கா: என்ன சொன்னேன்?

தங்கச்சி: "பெரிய கம்பெனிதான் வேணும்னா போ. போனா அப்படியே போயிடு, இந்த வாசப்படிய மிதிக்காத."

அக்கா: கோவத்துல வாய்தவறி வந்துடுச்சு. நீ மட்டும் என்ன? அதையே புடிச்சுக்கிட்டுத் தொங்கினே. ஒரு போன் உண்டா? இந்த வேலை மட்டும் வரலேன்னா உன் குரலக்கூட கேட்டிருக்க மாட்டேன்.

தங்கச்சி: போன எடுப்பேன். அப்புறம் என்ன பேசுறதுன்னு தெரியாம வச்சிடுவேன்… அக்கா, ஆல்ஃபா இல்லாம அனுப்பினேனே, அது அவசரத்துல இல்ல.

அக்கா: தெரியும்.

தங்கச்சி: குமிழியும் வேணும்னேதான். எல்லாம் சரியா அனுப்பினா "ஓகே"ன்னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சிடுவே. தப்பா அனுப்பினா திட்டவாவது கூப்பிடுவே. அப்புறம் நீ சேத்து அனுப்புவேல்ல… அந்தக் குட்டிய கட்டைவிரலால மறைச்சுக்கிட்டு வீட்ட மட்டும் பாத்துட்டே இருப்பேன். ரொம்ப ஏக்கமா இருக்குக்கா.

அக்கா: அழுறியா?

தங்கச்சி: இல்ல. சளி.

அக்கா: ம்… இங்கயும் சளிதான்.

தங்கச்சி: சரி விடு. அந்த டிக்கப் போட்டு அனுப்பிடு. எத்தனை நாளைக்கு இழுக்குறது?

அக்கா: அனுப்பியாச்சு.

தங்கச்சி: எப்போ?

அக்கா: உன் ஃபைல் வந்த அன்னிக்கே. நேத்து ஓகேவும் சொல்லிட்டாங்க.

தங்கச்சி: அய்யய்யோ, கிழிஞ்ச நாற்காலியோடயா?

அக்கா: நாற்காலியும் இல்ல, வீடும் இல்ல. முதல்லருந்தே அவங்க கேட்டது வெறும் மஞ்சள் பின்னணிடி.

தங்கச்சி: அப்போ… இந்த வீடியோவெல்லாம் யாருக்கு எடுத்தே?

அக்கா: பாக்க ஏங்குற ஆளு வேற யாரு இருக்கா, மக்கு? திரை நாளைக்குக் காஞ்சிடும். எனக்கு எட்டாது… நீ வந்து மாட்டு.