தேயாத குழல்

— ஏன்னா, ரசம் ஆறறது. கேட்டதுக்கும் பதிலைக் காணோம். ஒரு துப்பாக்கிக் குழல் எத்தனை நாள்தான் உழைக்கும்?

— நாள் கணக்கு இல்லேடி சுப்பு, குண்டுக் கணக்கு. பாஸ்ரா சண்டையிலேர்ந்து எங்க ஆயுத டிப்போவுக்குத் திரும்பி வரதையெல்லாம் பார்க்கறேனே. சிலது ஐயாயிரம் குண்டுலேயே வாயைப் பிளந்துடும். சிலது பத்தாயிரம் தாண்டியும் கிண்ணுனு இருக்கும். சுடறதைவிடத் துடைக்கறதுதான் எமன். கம்பி வலையைக் கயித்துல கட்டி உள்ளே விட்டு, இழு இழுன்னு இழுக்கறான். நீ வெங்கலப் பானையைப் போட்டுத் தேய்ப்பியே, அந்த மாதிரி.

— என் பானை இன்னும் ஓட்டையாகலை.

— அதுக்குள்ளே குண்டு போகலையே, அதான்.

— சிரிப்பு வரலை.

— எனக்கும்தான். பழக்கதோஷம்.

— நட்டு பட்டாளத்துக்குப் போய் மாசி வந்தா ஒரு வருஷம். அவன் குழலும் தேஞ்சிருக்கணுமே? மாத்தறதுக்கு இங்கேதான் வரணும், துப்பாக்கியோட ஆளும் வருவான்னு சொன்னேளே.

— சொன்னேன். அவன் போனப்போ நீ அன்னம் தண்ணியில்லாமப் படுத்துக் கிடந்தே. ஏதாவது சொல்லணுமே.

— அப்போ ஆள் வர மாட்டான்.

— துப்பாக்கி மட்டும் பெட்டியிலே வரும். கோவிச்சுக்காதே.

— எனக்கு அப்பவே தெரியும். ஈயம் பூசக் குடத்தைக் கொடுத்தனுப்பினா, கூடவே என்னையுமா அனுப்பறேள்? உங்க திருப்திக்காக நம்பினேன்.

— நீ பொழைச்சுப்பே. இந்த மூளையிலே காலணா உன் தம்பிக்கு வந்திருக்கப்படாதோ?

— வந்திருந்தா பெங்காலிப் பல்டன்ல போய்ச் சேருவானா? மதராஸிக்கு இடமில்லேன்னா பேசாம ஆத்துக்கு வந்திருக்கலாம். நடவர் முகர்ஜின்னு பேரைக் கொடுத்துட்டு...

— கல்கத்தாவிலே, இந்தக் காளிகாட்டிலேயே பொறந்தவன். பெங்காலியிலே வாயைத் திறந்தா முகர்ஜியே தோத்துடுவான். ஆள் சேர்க்கற டாக்டர் துரைக்குக்கூடச் சந்தேகம் வரலையாம்.

— கொடுத்த விலாசமும் யாரோ சிநேகிதனோடது. அவனுக்கு ஒண்ணுன்னா தந்தி நம்மாத்துக்கு வராது.

— சாதம் போறும்.

— பிசைஞ்சது அப்படியே இருக்கு. ஆபீஸ்ல என்ன?

— பெட்டி வந்தது. பிரிச்சேன். ஒரு துப்பாக்கியோட அடிக்கட்டையிலே ஒரு எழுத்து. கத்தியால கீறினது.

— என்ன எழுத்து?

— 'ந'. தமிழ்லே.

— சரி.

— அந்தப் பல்டன்ல வேறே எவனுக்கு, சுப்பு...

— சரின்னேனே. குழல் தேஞ்சிருந்ததா?

— அளவுக்கம்பியை விட்டுப் பார்த்தேன். தேஞ்ச குழலானா சறுக்கிண்டு இறங்கும். இதுல நுனியிலேயே நின்னுடுத்து. புத்தம் புதுசு. பழகறப்போ நாலு சுட்டிருப்பான், அவ்வளவுதான்.

— தேயாததை ஏன் அனுப்பினா?

— கூட வந்த ஹவில்தாரைக் கேட்டேன். முகாம்ல காய்ச்சலாம். சண்டைக்கே போகலையாம். அந்தப் பெட்டியிலே இருந்ததுக்கெல்லாம் இனிமே ஆள் கிடையாதாம்.

— கண்ணைத் துடைச்சுக்கோங்கோ.

— உன் ரசத்துல மிளகு ஜாஸ்தி.

— துப்பாக்கி எங்கே இப்போ?

— அதை மட்டும் கேட்காதே.

— எங்கேன்னா?

— எங்க டிப்போ துரை வந்தார். 'ராஜாராம் பாபு, குழல் முதல் தரம், கட்டையிலே என்ன கிறுக்கல், தேய்ச்சு எடு'ன்னார். உப்புக்காகிதம் வச்சுத் தேய்ச்சேன்.

— நீங்களேயா?

— மிஸ்திரி கையை நீட்டினான். கொடுக்க மனசு வரலை. எழுத்து போனப்புறமும் தேய்ச்சிண்டே இருந்தேனாம். அவன்தான் பிடுங்கிண்டான். மத்தியானமே கிதிர்பூர் துறைமுகத்துக் கப்பலுக்கு வண்டி ஏத்திட்டா. வேறே எவனோ தோள்ல போட்டுண்டு போவான். குழல் நன்னாயிருக்கே.

— உங்க கையைக் காட்டுங்கோ. தோல் போயிருக்கு. மஞ்சள் வைக்கறேன்.

— மஞ்சளாவது ஒண்ணாவது. எழுந்திரு, சுப்பு. நான் தண்ணி இறைச்சுத் தரேன். கூடப் பொறந்தவன், நீ தலை முழுகணும்.

— நான் போன வெள்ளிக்கிழமையே முழுகியாச்சு, எண்ணெய் ஸ்நானம்னு நினைச்சுண்டேள். விலாசம் கொடுத்த அந்தச் சிநேகிதன் அன்னிக்குக் காலம்பற தந்தியோட வந்து வாசல்லேயே சொல்லிட்டுப் போனான், உங்ககிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாமத்தான் தினமும் குழலைப் பத்திக் கேட்டுண்டிருந்தேன்.