மாடி ரெக்கேக்காரன் கொடுத்த கேசட்

அடுத்தவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இறங்கவேண்டிய ஸ்டாப்பிங்கைத் தவறவிடும் முட்டாள் நான். அன்றும் செங்கம் ரோடு பஸ்ஸில் என் காது முன்சீட்டில்தான் இருந்தது. அங்கே கேசட்டும் கையுமாக ஓர் அம்மாள், பக்கத்தில் மைக்செட் கடை பாய்.

"குரல் பாதியிலேயே கரைஞ்சி போவுது பாய். மிஷின் கோளாறா?"

"ஹெட்டைத் துடைச்சிப் பாத்துட்டேங்க்கா. ரெக்கேன்னு ஜமைக்கா நாட்டுப் பாட்டாம், அதுல அப்படித்தான் குரலை எதிரொலியா வுட்டு அழிப்பாங்களாம். உங்க மாடியில இருந்த ஃபாரின்காரன் டிரம், கிடார், ரெக்கார்டிங் எல்லாம் ஒத்தையா பண்ணிருக்கான்."

"எங்க வூட்டுக்காரரு கீழேருந்து கத்தினதையும் அதுல சேத்துட்டான். அவரு போய்ச் சேந்துட்டாரு. அந்தக் குரலை முழுசா எடுக்க முடியாதா?"

"டேப்புல அவ்ளோதாங்க்கா இருக்கு. ஜாஸ்தி போடாதீங்க, தேஞ்சிடும்."

சும்மா இருக்காமல் நான் தலையை நீட்டி, "அதுல அவர் என்னங்க பாடுறாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னைக் கூப்புடுறாரு."