வாசலில் காயும் சந்தனக் கிண்ணம்

முன்னே ஒரு காலம். கணக்குப் போடும் இயந்திரம் ஒரு வீட்டையே அடைத்துக்கொண்டு நின்ற காலம். அந்தக் காலத்தில் நம் கொழிஞ்சிவலசில் தெய்வசிகாமணி என்று ஒருவர் இருந்தாராம். அவர் வீடு இருந்த இடத்தில்தான் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

சீமைக்குப் போய்ப் படித்தவராம். ஆனால் கோபக்காரராம். அவர் வாயைத் திறந்தால் பனையில் உட்கார்ந்த காக்காய் அடுத்த பனைக்குப் போய்விடும் என்பார்கள். அவர் பட்ட கோபங்களையெல்லாம் சொல்லி முடியாது. இந்தக் கதைக்கு வேண்டியவை மூன்று. அதிலும் மூன்றாவது அவருடையது இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய மோட்டார் கம்பெனி இருந்தது. அதன் பெயரை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அதன் முதலாளியிடம் போய்ச் சிகாமணி சொன்னாராம்:

"புயல் எங்க கரை ஏறும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ற மெஷின் ஒண்ணு கட்டித் தர்றேனுங்க. இதைவிட வேகமானது உலகத்துல எங்கயும் இருக்காது."

"வேகம்னா எவ்வளவு வேகம்?" என்றாராம் முதலாளி.

"நீங்க இதைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள அது கோடிக் கணக்குப் போட்டிருக்குமுங்க."

முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. கட்டு என்றுவிட்டார்.

அந்த இயந்திரத்துக்குள் பலகை பலகையாக உறுப்புகள். ஒரு பலகைக்கும் இன்னொரு பலகைக்கும் நடுவே கம்பி. தலைமுடி மாதிரிக் கம்பி, எண்ண முடியாத கம்பி. மின்சாரம் அதில் ஓடித்தான் கணக்குப் போடவேண்டும். கம்பி நீண்டால் ஓட்டம் நீளும், கணக்குத் தாமதமாகும். அதனால் சிகாமணி ஒரு சட்டம் போட்டாராம். எந்தக் கம்பியும் ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது. யார் முழம்? மாராத்தாள் முழம்.

மாராத்தாளும் நம் ஊர்தான். அந்தக் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டிக்கொண்டிருந்தவள். சிகாமணிக்கு நாலைந்து வயது மூத்தவள்.

"தம்பி, என் கை குட்டைங்க. நீளக் கைக்காரியாப் பாருங்க" என்றாளாம்.

"குட்டைதானக்கா எனக்கு வேணும்" என்றாராம் அவர்.

மாராத்தாளோடு சேர்த்துப் பதினேழு பெண்கள் கம்பி கட்டினார்கள். பதினெட்டு என்று சொல்கிறவர்கள் மாராத்தாளின் மகளையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அது சரியில்லை. அந்தப் பிள்ளை தூளியில் கிடந்தது, கம்பி கட்டவில்லை.

ஒரு முடிச்சு இடம் மாறினால் சிகாமணி கத்துவார். "அவுருங்க! அத்தனையும் அவுருங்க!" பெண்கள் அவிழ்ப்பார்கள். மறுபடி கட்டுவார்கள். மறுபடி கத்துவார். "தம்பி, கத்தறதுக்கும் ஒரு மெஷின் கட்டிருங்க, உங்களுக்குத் தொண்டை மிச்சமாகும்" என்பாளாம் மாராத்தாள். அவரும் சிரித்துவிடுவாராம். அப்படியே இயந்திரம் எழுந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். ஓடியது. டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அவர்கள் வருகிற நாளுக்கு முதல் நாள் ஆயுத பூஜை.

சிகாமணி அந்த அதிகாரிகளை அழைத்துவர மெட்ராசுக்குப் போகவேண்டியிருந்தது. போகும்போது முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். "சந்தனத்தைக் கதவுக்கு வெய்யுங்க. வாசல் நிலைக்கு வெய்யுங்க. மெஷினுக்குள்ள மட்டும் ஈரம் படக் கூடாதுங்க."

முதலாளி மாலையோடு வந்தார். போட்டோ பிடிக்கிறவர் வந்தார். "காயில்காரிங்க எல்லாம் கேட்டுக்கு வெளிய நில்லுங்க, போட்டோ எடுக்கணும்" என்று மேனேஜர் விரட்டினாராம். கட்டின பெண்கள் வெளியே. கட்டாதவர்கள் உள்ளே. முதலாளி இயந்திரத்தின் பின்பக்கக் கதவைத் திறந்தார். யாரோ "ஐயா, ஈரம்..." என்று இழுத்தார்களாம். "நாப்பது வருசமா என் கம்பெனியில எல்லா மெஷினுக்கும் நாந்தான் வெக்கிறேன். எது கோவிச்சுட்டுது?" என்று கேட்டுவிட்டு, சந்தனத்தை விரலில் குழைத்துக் கம்பிகளின் மேலேயே மூன்று பட்டை இழுத்தாராம். மேலே குங்குமம். அதற்கு மேலே தீர்த்தம்.

மறுநாள் அதிகாரிகள் முன்னால் சுவிட்சைப் போட்டார்கள். முதலில் கோயில் வாசனை வந்தது. அப்புறம் கருகல் வாசனை வந்தது. அப்புறம் புகை.

சிகாமணி ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சந்தனம் கரிக்கட்டையாக இருந்ததாம். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அதிகாரிகளைப் பார்த்து, சிரித்த முகத்தோடு சொன்னாராம்: "கம்பி கட்டின பொம்பளைங்க கை சரியில்லைங்க. நாட்டுப்புறத்து ஆளுக. இன்னைக்கே நிறுத்திடறோம்."

அன்று சாயங்காலமே பதினேழு பேரையும் நிறுத்திவிட்டார்கள்.

இது முதல் கோபம். முதலாளி அறைக்குள் சிகாமணி போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டதாம்.

"சந்தனம் வெச்சது யாரு கை? சொல்லுங்க, யாரு கை?"

"மெஷின் நான் போட்ட மொதல். நான் என்ன வேணா வெப்பேன்" என்றாராம் முதலாளி. "நாளைக்கு டெல்லிக்காரங்ககிட்ட நீயே சொல்லு, கம்பிக் கட்டுல தப்புன்னு. சொன்னா அடுத்த மெஷின் கட்டலாம். மாட்டேன்னா வெளிய போ. போறப்ப கம்பெனிச் சாமான் ஒண்ணும் உன் மேல இருக்கக் கூடாது."

சிகாமணி கோட்டைக் கழற்றி மேசை மேல் போட்டார். கம்பெனி கொடுத்த கோட்டு. பேனாவைப் போட்டார். செருப்பையும் கழற்றினார். மேனேஜர் விடவில்லை. "உங்க தலைக்குள்ள இருக்கறதும் கம்பெனிச் சொத்துத்தான்" என்றாராம்.

"அப்படிங்களா? அறுத்து எடுத்துக்கங்க. அறுக்கறதுக்கு நல்ல கைக்காரங்க வேணும்னா, பதினேழு பேரை இப்பத்தான் வெளிய தள்ளியிருக்கீங்க, போய்க் கூப்பிடுங்க!"

வெறுங்காலோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தாராம்.

இங்கே வந்து பார்த்தால் அவருக்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்திருந்தது. எந்தக் காயில் கடையும் அந்தப் பெண்களைச் சேர்க்கவில்லை. "மெஷினைக் கொளுத்துன கையா? வேண்டாம் தாயி" என்றார்கள். கடை போனால் போகட்டும். ஒரு கல்யாண வீட்டில் மாராத்தாள் சீர்த் தட்டைத் தூக்கப் போனபோது, அவள் சொந்த நாத்தனாரே தட்டை இழுத்துக்கொண்டாளாம். "நீ தொடாத அண்ணி. எதுக்கு வம்பு."

சிகாமணிக்கு இது தெரிந்தது. ஊர் எல்லையில் மூடிக் கிடந்த பஞ்சு அரைவை ஷெட்டைப் பிடித்தார். தகரத்தில் புதுக் கம்பெனிப் பெயரை எழுதி மாட்டினார். வீடு வீடாகப் போய்ப் பதினேழு பேரையும் கூப்பிட்டார். "அதே மெஷின். அதைவிட வேகமா. அதே கை. வேற கை எனக்கு வேண்டாம்" என்றாராம். வந்தார்கள். கட்டினார்கள். அவர் கத்தினார். அவிழ்த்தார்கள். மறுபடி கட்டினார்கள். இயந்திரம் முடிந்து, சுவிட்சைப் போட இரண்டு நாள் இருந்தபோது மறுபடி ஆயுத பூஜை வந்தது.

"இந்த ஷெட்டுல பூசை கிடையாது" என்றார் சிகாமணி.

"பூசை போடாத மெஷினை நாங்க தொட மாட்டோமுங்க" என்றாள் மாராத்தாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"ஏக்கா, உனக்குப் புத்தி இருக்குதா? போன தடவை எதனால எரிஞ்சுதுன்னு தெரியாதா?"

"தெரியும். சந்தனத்தாலதான் எரிஞ்சுது. அதுக்குன்னு நாளும் கிழமையுமா ஆயுதத்தை அநாதையா விடச் சொல்றீங்களா? மெஷினு நாளைக்கு நின்னு போச்சுன்னா ஊரு யாரைச் சொல்லும்? உங்களையா? மறுபடியும் எங்க கையைத்தான சொல்லும்!"

"மெஷின் மேல ஒரு சொட்டு பட்டுதோ, இந்தக் கொட்டாயை நானே கொளுத்திருவேன்!"

"கொளுத்துங்க! அதுக்கும் நாங்கதான் காரணம்னு சொல்லுவாங்க!"

பதினேழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். சிகாமணிக்கு இரண்டாவது கோபம் வந்தது. கிண்ணத்தைப் பிடுங்கினார். தூக்கி எறியப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்களாம். அவர் விரலைக் கிண்ணத்துக்குள் விட்டு, மாராத்தாளின் கையை இழுத்து, புறங்கையில் மூன்று பட்டை இழுத்தார். நடுவில் குங்குமம் வைத்தார்.

"ஆயுதத்துக்குத்தான பூசை? இதுதான் ஆயுதம். ஆச்சா?"

மாராத்தாள் தன் கையையே பார்த்தாளாம். அடுத்தவள் கையை நீட்டினாள். அதற்கு அடுத்தவள் நீட்டினாள். அவர் முகத்தில் கோபம் அப்படியே இருந்ததாம். கோபத்தோடேயே பதினேழு கைக்கும் வைத்து முடித்தாராம். மறுநாள் எல்லோரும் கையைக் கழுவி, துடைத்து, காயவைத்துக்கொண்டுதான் கம்பி கிட்டேயே போனார்கள்.

இயந்திரம் ஓடியது. அந்தக் கார்த்திகையில் வந்த புயல் எங்கே கரை ஏறும் என்று அது சொன்னதாம். சொன்ன இடத்திலேயே ஏறியதாம். அந்தக் கரையில் ஆட்களை முன்கூட்டியே மேட்டுக்கு ஏற்றிவிட்டார்களாம்.

அப்புறம் சும்மா இருப்பாரா பழைய முதலாளி? அடுத்த ஆயுத பூஜைக்கு, நல்ல நாள் பார்த்து, ஷெட் வாசலில் காரை நிறுத்தினாராம். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

"பழசை விடு சிகாமணி. மெஷினையும் குடு, நீயும் வா. என்ன வேணும் சொல்லு."

சிகாமணி வாயைத் திறந்தார். அதற்குள் மாராத்தாள் அவரைத் தாண்டிப் போனாள். அவள் சத்தம் போடவில்லையாம். அதுதான் மூன்றாவது கோபம்.

"எறங்குங்க முதலாளி. பதினேழு பேரும் உள்ளதான் இருக்கறோம். தப்பு எங்க கையில இல்லீன்னு எல்லார்த்துக்கும் கேக்கற மாதிரி சொல்லிப்போட்டு, ஆளுக்கொரு பொட்டு வெய்யுங்க. அப்பறம் யாவாரம் பேசுங்க."

"நானா? காயில்காரி கைக்கா?" என்று முதலாளி சிரித்தாராம்.

மாராத்தாள் கிண்ணத்தை வாசல் தூண் மேல் வைத்தாள். "இங்கயே இருக்குமுங்க. எப்ப மனசு வருதோ அப்ப வந்து வெய்யுங்க."

கார் திரும்பிப் போய்விட்டது.

அன்றிலிருந்து நம் ஊரில் ஆயுத பூஜைக்கு எந்த இயந்திரத்துக்கும் பொட்டுக் கிடையாது. லேத்துக்குக் கிடையாது, டிராக்டருக்குக் கிடையாது, தறிக்குக் கிடையாது. வேலை செய்கிற கைக்குத்தான். மினி பஸ் டிரைவர் கூட நம் ஊர் எல்லைக்குள் வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையை நீட்டுவார்.

அரைவை ஷெட் வாசல் தூண் மேல் அன்றைக்கு ஒரு கிண்ணம் சந்தனமும் வைப்போம். அந்த முதலாளி செத்துப் போய்விட்டார். அவர் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். இனி யார் வந்து வைக்கப் போகிறார்கள், கிண்ணத்தை எடுத்துவிடலாமே என்று வெளியூர் மாப்பிள்ளைகள் கேட்பார்கள். நாங்கள் எடுப்பதில்லை. தப்பு உங்கள் கையில் இல்லை என்ற அந்தச் சொல்லை, பதினேழு பேரில் ஒருத்திக்குக்கூட யாரும் வந்து சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் சந்தனம் காய்ந்து வெடித்துவிடும். அடுத்த வருடம் புதிதாக அரைத்து வைக்கிறோம்.