துளசிமணி சொன்ன "பரவாயில்லைங்க"

இருங்க... ஒரு மடக்கு தண்ணி குடிச்சுக்கறேன். இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்.

திருப்பூர்ல துளசிமணின்னு ஒரு அம்மா. பனியன் கம்பெனியில டெய்லர். விரல்தான் அவங்களுக்குச் சோறு போடுது. அந்த விரல்லயே வந்து உக்காந்துச்சு முடக்குவாதம். நம்மளக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாம நம்ம மூட்டுகளை அடிக்கற நோய் அது. வீங்கும், விறைக்கும். அப்படியே விட்டா விரலே கோணிப்போகும்.

அதுக்கு இப்ப ஒரு ஊசி இருக்கு. பயாலஜிக்னு சொல்றாங்க. விலையக் கேட்டா தலை சுத்தும். நிறைய பேருக்கு நல்லாக் கேக்குது... சில பேருக்குக் கேக்கறதில்ல. கேக்கலன்னா வேற ஊசிக்கு மாத்தலாம். ஆனா யாருக்குக் கேக்கலன்னு தெரியணுமில்ல? அதைத்தான் டாக்டர் ரெஜினான்னு ஒருத்தங்க ஆராய்ச்சி பண்ணாங்க. துளசிமணியும் அதுல ஒரு ஆள். ஊசி இலவசம், உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே போட்டுடுவாங்க. வெளியூர்ல இருக்கற டாக்டரம்மா மாசாமாசம் போன்ல விசாரிப்பாங்க.

"துளசிமணி, வலி எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லைங்க."

அடுத்த மாசம்... "இப்ப எப்படிம்மா?"

"பரவாயில்லைங்க டாக்டரம்மா."

டாக்டருக்குச் சந்தோஷம். இந்தம்மாவுக்கு மருந்து கேக்குதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நீங்களா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பீங்க?

ஆனா யோசிங்க... பஸ்ல ஒருத்தர் உங்க கால மிதிச்சுடறாரு. "சாரிங்க"ங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க? "பரவாயில்லைங்க." ஏன், கால் வலிக்கலையா? உயிர் போகுது. வாய் மட்டும் பரவாயில்லைங்குது. நாம அப்படியே வளந்துட்டோம்.

நேர்ல பாக்கற நாள் வந்துச்சு. துளசிமணி, வீட்டுக்காரர் வேலுச்சாமியோட வந்து, முந்தானைக்குள்ள கைய மூடிக்கிட்டு உக்காந்தாங்க. அதே கேள்வி... அதே பதில். அப்பத்தான் டாக்டர் கண்ணு அவங்க ஜடை மேல போச்சு. மேல தொளதொளன்னு கிடக்கு, கீழ கயிறு மாதிரி முறுக்கி இருக்கு.

"யாரும்மா பின்னி விட்டது?"

வேலுச்சாமிதான் தலையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னாரு. "நானுங்க. அவளுக்குச் சீப்புப் புடிக்க வர்றதில்லைங்க. வேலைக்கும் போறதில்லைங்க."

டாக்டர் அந்தக் கைய எடுத்து... மெதுவா விரிச்சுப் பாத்தாங்க. எல்லா விரலும் வீக்கம். ஒரு விரல் சாஞ்சே போச்சு.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"இத்தனை விலை ஊசிய சும்மா போடறீங்க... போன் போட்டு வேற விசாரிக்கறீங்க. இன்னும் வலிக்குதுன்னு சொன்னா உங்க மனசு கோணுமுங்களே?"

பாத்தீங்களா... தன் விரல் கோணினாலும் சரி, டாக்டர் மனசு கோணக்கூடாது.

"நான்தாம்மா கேக்கத் தெரியாம கேட்டுட்டேன்"னாங்க டாக்டர். ஊசிய மாத்தினாங்க. கேள்வியையும் மாத்தினாங்க. இப்ப எந்த நோயாளிகிட்டயும் "எப்படி இருக்கு"ன்னு மட்டும் கேட்டுட்டு விடறதில்ல. "காலையில தலைய நீங்களே வாரினீங்களா? குழாயத் திறக்க முடிஞ்சுதா?"ன்னு கேக்கறாங்க. துளசிமணிக்குப் புது ஊசி மெல்லக் கேக்க ஆரம்பிச்சுது. சாஞ்ச விரல் சாஞ்சதுதான். மத்த விரல் தப்பிச்சுது.

எதுக்கு இதச் சொல்றேன்? மருந்து வேலை செஞ்சா "கேக்குது"ங்கறோம். மருந்து கேக்கணும்னா, அதுக்கு முன்னாடி மனுஷன் கேக்க வேண்டாமா? முன் வரிசையில தலையாட்டற ஐயா, உங்களத்தான். செருப்ப மாட்டிக்கிட்டே வீட்டம்மாகிட்ட "உடம்பு எப்படி இருக்கு"ம்பீங்க. சமையல்கட்டுலேர்ந்து "பரவாயில்ல"ன்னு சத்தம் வரும். கிளம்பிடுவீங்க. இனிமே கிளம்பாதீங்க. செருப்பக் கழட்டுங்க... உள்ள போங்க... அந்தக் கையப் புடிச்சுப் பாருங்க.

அம்மா, உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. யார் மனசாவது கோணினா கோணட்டும்... அது நாளைக்கு நிமிர்ந்துடும். விரல் நிமிராதும்மா.